பிள்ளைக்கு யார் வக்காலத்து? கொழும்பிலிருந்து ஓர் எளிய விளக்கம்

புதுக்கடை நீதிமன்றப் பக்கம் காலை எட்டரைக்குப் போனால் நிற்க இடம் இருக்காது. கறுப்புக் கோட்டுகள், கோப்புக் கட்டுகள், சத்தியக் கடதாசி அடித்துத் தருகிறவர்கள், தேத்தண்ணிக்கு அலைகிறவர்கள். அந்தக் கூட்டத்தில் எப்படியும் ஒரு பிள்ளையாவது இருக்கும். பாடசாலைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, அம்மாவின் கைப்பையைப் பிடித்தபடி நிற்கும். அதைச் சுற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருப்பார்கள். சட்டத்தரணி அம்மாவோடு பேசுவார், பொலிஸ்காரர் சட்டத்தரணியோடு பேசுவார், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரோடும் பேசுவார். பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்பவர் இருக்கமாட்டார்.

நான் சட்டத்தரணி இல்லை. சில வருடங்கள் ஒரு சிறிய தொண்டு அமைப்புக்காகத் தமிழ்ப் பிள்ளைகளோடு மொழிபெயர்க்கப் போய் வந்தவள். அந்த அனுபவத்தை வைத்து, 'சிறுவருக்காகச் சட்டரீதியாகப் பரிந்து பேசுவது' என்று கூட்டங்களில் சொல்கிறார்களே, அது என்ன என்பதை முதன்முதலாகக் கேட்பவருக்குப் புரிகிற மாதிரிச் சொல்லப் பார்க்கிறேன்.

பெயர்தான் கொஞ்சம் பெரிது. நம் வீடுகளில் 'அவனுக்கு ஏன் நீ வக்காலத்து வாங்குகிறாய்?' என்று திட்டுவோம் அல்லவா, அதேதான். சட்டத்தின் முன் தானாகப் பேச முடியாத, அல்லது பேசினாலும் யாரும் காது கொடுக்காத ஒரு பிள்ளைக்காக ஒருவர் நின்று பேசுவது. இதில் ஒரு நிபந்தனை உண்டு. பெற்றோருக்காகப் பேசுவதும் பிள்ளைக்காகப் பேசுவதும் ஒன்றாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காசு கொடுத்துச் சட்டத்தரணியைப் பிடித்தவர் அப்பாவாக இருக்கலாம். பிள்ளையை அடித்தவரும் அதே அப்பாவாக இருக்கலாம். அப்போது அந்தச் சட்டத்தரணி யாருடைய ஆள்? இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

சட்டத்தின் வாசலுக்குப் பிள்ளைகள் மூன்று வழியாக வருகிறார்கள். ஏதோ குற்றம் செய்ததாகப் பிடிபட்டு வருகிறவர்கள் ஒரு வகை. தங்களுக்கு நடந்த கொடுமைக்குச் சாட்சியாக வருகிறவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது வகைப் பிள்ளைகள் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள், அவர்களுக்குப் பராமரிப்பு இல்லை, அவ்வளவுதான். அம்மா வெளிநாட்டில், அப்பா எங்கோ, பாட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டார் என்கிற மாதிரி. காகிதத்தில் இந்த மூன்றும் வேறு வேறு கோப்புகள். நடைமுறையில் ஒரே பிள்ளை மூன்று கோப்பிலும் இருக்கும். புறக்கோட்டையில் பொருள் திருடிப் பிடிபட்ட பையனை விசாரித்துப் பார்த்தால், திருடச் சொல்லி அடித்து அனுப்பியவர் ஒருவர் பின்னால் இருப்பார். அந்தப் பையனைக் குற்றவாளிக் கோப்பிலிருந்து பாதுகாப்புக் கோப்புக்கு மாற்ற வைப்பதுதான் பல வேளைகளில் பரிந்து பேசுகிறவரின் பெரிய வெற்றி.

இதற்கெல்லாம் அடிப்படையாக இன்றும் நிற்பது 1939இல் வந்த சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தில், இங்கிலாந்தின் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. பழையது என்று தள்ளிவிட முடியாது, அதில் நல்ல விஷயங்கள் இருக்கின்றன. பிள்ளையின் வழக்கைப் பெரியவர்களின் வழக்குகளோடு கலக்காமல் தனியாக எடுக்க வேண்டும். பொலிஸில் வைத்திருக்கும்போது வளர்ந்த குற்றவாளிகளோடு சேர்த்து வைக்கக் கூடாது. விசாரணைக்குள் வேடிக்கை பார்க்க வருகிறவர்களை விடக் கூடாது. பத்திரிகையில் அடையாளம் தெரியும்படி எழுதக் கூடாது. பராமரிப்பு இல்லாத பிள்ளையைச் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பாமல், 'தகுந்த ஆள்' என்று நீதிமன்றம் ஏற்கிற உறவினரிடம் ஒப்படைக்கவும் அதில் வழியிருக்கிறது. இந்தக் கடைசி விஷயம் பலருக்குத் தெரியாது. மட்டக்குளியில் ஒரு பெரியம்மா இருக்கிறார், பிள்ளையை வைத்துக்கொள்ளத் தயார், ஆனால் நீதிமன்றத்துக்கு வரப் பயப்படுகிறார் என்றால், அவரைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்து நீதவான் முன் நிறுத்துவதும் சட்ட வேலைதான். வாதத் திறமையை விட முச்சக்கர வண்டிக் காசு கூடுதலாகத் தேவைப்படும் சட்ட வேலை.

கொழும்புப் பக்கத்துக்கான தனிச் சிறுவர் நீதிமன்றம் பொரளையைத் தாண்டி, ராஜகிரிய வழியாகப் போகிற பத்தரமுல்லையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் ஒன்று உண்டு. மற்ற இடங்களில் வழக்கமான நீதவானே சிறுவர் நீதிமன்றமாக அமர்வார். அதே மண்டபம், அதே கூண்டு, அதே கூட்டம் என்றாகிவிடாமல் தனி அறையையோ தனி நேரத்தையோ கேட்டு வாங்க வேண்டியிருக்கும். கேட்க ஆள் இல்லாவிட்டால் சட்டத்தில் இருப்பது சட்டத்திலேயே இருந்துவிடும்.

வயது என்கிற முதல் வாதம்

புதிதாக வருகிறவர்கள் சட்டமென்றால் பெரிய பெரிய வாதங்கள் என்று நினைக்கிறார்கள். சிறுவர் விடயத்தில் பாதி வழக்கு ஒரு கேள்வியில் தங்கியிருக்கிறது: பிள்ளைக்கு என்ன வயது?

12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை செய்தது எதுவும் நம் தண்டனைச் சட்டக் கோவையின்படி குற்றமே ஆகாது. 12க்கும் 14க்கும் இடையில் என்றால், தான் செய்ததை விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி அந்தப் பிள்ளைக்கு இருந்ததா என்று நீதவான் பார்க்க வேண்டும். இந்த 12 என்பதும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வரும் வரை அது 8 ஆக இருந்தது. எட்டு வயது என்றால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை. அதை மாற்றச் சொல்லி ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்தவர்களும் கூட்டம் போட்டவர்களும் செய்ததும் பரிந்து பேசுதல்தான். ஒரு பிள்ளைக்காக நீதிமன்றத்தில் நிற்பது ஒரு பக்கம், எல்லாப் பிள்ளைகளுக்குமாகச் சட்டத்தையே மாற்றக் கேட்பது மறுபக்கம்.

14ஐத் தாண்டினால் 16. கட்டாயக் கல்வி 16 வயது வரை. வேலைக்கு வைக்கக்கூடிய குறைந்த வயது 14 ஆக இருந்து, 2021இல் 16 ஆனது. ஆபத்தான வேலைகளுக்கு 18. கொழும்பு வீடுகளில் மலையகத்திலிருந்து கூட்டிவந்த சிறுமிகளை 'எங்கள் பிள்ளை மாதிரித்தான் வைத்திருக்கிறோம்' என்று சொல்லி வேலை வாங்கும் பழக்கம் எவ்வளவு பழையது என்று நமக்குத் தெரியும். நம்மவர்கள் வீடுகளிலும் நடந்ததுதான், மறைக்க வேண்டாம். 16க்குக் கீழ் என்றால் அது இப்போது சட்டப்படி குற்றம். சொந்தப் பிள்ளை டியூஷனுக்குப் போகிற நேரத்தில் 'பிள்ளை மாதிரி' இருக்கிறவள் பாத்திரம் கழுவினால், அந்த 'மாதிரி' என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டியதுதான்.

16, 17 வயதுப் பிள்ளைகள்தான் நெடுங்காலம் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். 1939இல் சட்டம் எழுதியவர்கள் 14 வரை 'சிறுவர்', 16 வரை 'இளம் ஆள்' என்று பிரித்து அதோடு கோட்டைப் போட்டுவிட்டார்கள். 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐ.நா.வின் சர்வதேச ஒப்பந்தமான சிறுவர் உரிமைகள் சமவாயமோ 18 வரை பிள்ளை என்கிறது. இந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்ற பதினேழு வயதுப் பையனைப் பெரியவனாக நடத்தினால் ஒரு விதி, பிள்ளையாக நடத்தினால் வேறு விதி. பிறகு வந்த திருத்தங்கள் 18ஐ நோக்கித்தான் நகர்ந்திருக்கின்றன. பரிந்து பேசுகிறவர் எப்போதும் 18 என்ற கோட்டிலேயே நின்று வாதிடுவார்.

சரி, வயதை எப்படி நிரூபிப்பது? பிறப்புச் சான்றிதழ். அது இல்லாவிட்டால்? இங்கேதான் கொழும்பின் தோட்டம் என்று சொல்லப்படும் லைன் வீடுகளிலும் குறுக்குத் தெருக்களிலும் கஷ்டம் தொடங்குகிறது. பிறப்பைப் பதிய மூன்று மாதம் கடந்துவிட்டால் காலம் தாழ்த்திய பதிவு என்று வேறு பாதையில் போக வேண்டும். கிராம உத்தியோகத்தரின் கடிதம், சத்தியக் கடதாசி, ஆஸ்பத்திரிப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். அப்படியும் முடியாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. ஒரு சிறுமிக்கு 15 என்பதைக் காட்ட, அவள் குழந்தையாக இருந்தபோது தடுப்பூசி போட்ட கிளினிக் அட்டையைத் தேடி மூன்று வீடு ஏறி இறங்கியிருக்கிறேன். அட்டை கடைசியில் அரிசிப் பீப்பாய்க்குள் இருந்தது. பாட்டிக்கு அதுதான் வீட்டிலேயே பத்திரமான இடம்.

பிள்ளை கேட்பதா, பிள்ளைக்கு நல்லதா?

இந்த வேலையிலேயே மிகவும் சிக்கலான இடம் இது. உலகம் முழுக்க இதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள்.

பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் அவளுக்குக் கெடுதல் செய்த உறவினர் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். அவளை ஓர் இல்லத்தில் சேர்த்திருக்கிறார்கள். அவளோ அம்மாவிடம் போக வேண்டும் என்று அழுகிறாள். அவளுடைய சட்டத்தரணி என்ன சொல்ல வேண்டும்? பெரியவரின் வழக்கென்றால் பதில் சுலபம், கட்சிக்காரர் கேட்பதைக் கேட்க வேண்டும். பிள்ளை என்று வந்தால் இரண்டு பதில் இருக்கிறது. சமவாயத்தின் 3ஆம் உறுப்புரை பிள்ளையின் உயர்ந்தபட்ச நலனே முதன்மையாகக் கருதப்பட வேண்டும் என்கிறது. 12ஆம் உறுப்புரை, கருத்தை உருவாக்கக்கூடிய பிள்ளைக்கு அதைச் சொல்லும் உரிமை உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. சில நாடுகளில் இதற்காக இரண்டு தனித் தனி ஆட்களையே வைக்கிறார்கள். பிள்ளை சொன்னதைச் சொல்ல ஒருவர், எது நல்லது என்று ஆராய்ந்து சொல்ல இன்னொருவர். இங்கே இரண்டாவது வேலையின் பெரும்பகுதி, பிள்ளையின் வீட்டு நிலைமையை விசாரித்து நீதிமன்றத்துக்குச் சொல்லும் நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கையில் வந்து விழுகிறது. அவர் ஒருவர், கோப்புகளோ மலை.

என்னைக் கேட்டால், பிள்ளை சொன்னதை அப்படியே முதலில் நீதவானுக்குச் சொல்லிவிட வேண்டும். ஆபத்து இருக்கிறது என்பதை அதற்குப் பிறகு சொல்லலாம். 'அவளுக்கு என்ன தெரியும், சின்னப் பிள்ளை' என்று அந்த முதல் பகுதியை விழுங்கிவிட்டால் அந்தச் சிறுமி அதற்குப் பிறகு யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டாள். அதோடு, அம்மாவிடம் போக வேண்டும் என்று அவள் சொல்லும்போது வேறொரு வழியும் தெரியத்தான் செய்கிறது. வீட்டை விட்டுப் போக வேண்டியவர் அந்த உறவினர். பிள்ளை ஏன் போக வேண்டும்? இந்தக் கேள்வி பெரியவர்களுக்கு வருவதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு வந்துவிடும்.

எந்த மொழியில் பேசுவது

கொழும்பு நீதிமன்றங்களில் பதிவு மொழி சிங்களம். ஆனால் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தெளிவாக ஒன்று சொல்கிறது. வழக்கின் தரப்பினர் தமிழிலும் பங்குபற்றலாம், நீதிமன்ற மொழி தெரியாதவருக்கு அரசே மொழிபெயர்ப்புத் தர வேண்டும். ஆகவே மொழிபெயர்ப்பாளர் முதலியாரை, அதாவது நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கிற உத்தியோகத்தரைக் கேட்பது ஒரு சலுகையைக் கேட்பதாக ஆகாது, உரிமையைக் கேட்பது. கேட்கக் கூச்சப்படுகிறோம். 'கொஞ்சம் சிங்களம் தெரியும்' என்று தலையாட்டிவிடுகிறோம். கடையில் சாமான் வாங்கப் போதுமான சிங்களம் வாக்குமூலத்துக்குப் போதாது.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பிள்ளையின் வாக்குமூலத்தை ஒரு பொலிஸ் நிலையத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் போவதற்கு முன்பே பாதி முடிந்திருந்தது. 'மாமாதான் செய்தார்' என்று பிள்ளை சொல்லியிருக்கிறது. எழுதியவர் தாயின் சகோதரன் என்று எழுதியிருக்கிறார். தாயின் சகோதரன் அந்த நேரத்தில் கத்தாரில். நம் பிள்ளைக்கு யார் மாமா இல்லை? கடைக்காரர் மாமா, வான் ஓட்டுகிறவர் மாமா, மேல்மாடியில் குடியிருப்பவர் மாமா. 'எந்த மாமா, கண்ணா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் முடிந்திருக்கும். வாக்குமூலத்தைத் திருத்தி எழுத வைக்க அன்று மாலை ஆகிவிட்டது. திருத்தாமல் விட்டிருந்தால், பல வருடங்கள் கழித்து எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து, 'முதலில் ஒன்று சொன்னீர்கள், இப்போது வேறொன்று சொல்கிறீர்கள்' என்று அதே பிள்ளையைப் பொய்யாக்கியிருப்பார்.

இதனால்தான் கையெழுத்துப் போடுவதற்கு முன் வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். பொலிஸ் நிலையத்தில் பிள்ளை அழாது. உறைந்துபோய், எதைக் கேட்டாலும் ஆம் என்று சொல்லும்.

இன்னொரு தொல்லை, அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது. பொலிஸில் ஒரு தரம், வழக்குக்காகக் காயங்களைப் பரிசோதிக்கும் சட்ட வைத்திய அதிகாரியிடம் ஒரு தரம், நன்னடத்தை உத்தியோகத்தரிடம் ஒரு தரம், பிறகு சாட்சிக் கூண்டில். ஒவ்வொரு முறையும் புதுமுகம். 1999ஆம் ஆண்டின் சாட்சியம் பற்றிய விசேட ஏற்பாடுகள் சட்டம், பிள்ளையின் முதல் நேர்காணலை வீடியோவில் பதிந்து சாட்சியமாகத் தர வழி செய்தது. பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டம் வந்து, அதற்குப் பதிலாக 2023இல் இன்னொன்று வந்திருக்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் முகத்தைப் பார்க்காமல் வேறிடத்திலிருந்து ஒலி, ஒளி இணைப்பில் சாட்சி சொல்லவும் இடமுண்டு. இதையும் கேட்டால்தான் கிடைக்கும். வழக்குகள் இழுபடும் வேகத்தில், ஒன்பது வயதில் நடந்ததைப் பற்றிப் பதினாறு வயதில் சாட்சி சொல்ல நேரலாம். தான் மறக்கப் பாடுபட்டதை நன்றாக ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்று நாம் அந்தப் பிள்ளையிடம் எதிர்பார்க்கிறோம்.

சரி, யாரிடம் போவது? தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் இலவசம், தமிழிலும் பேசலாம். அந்தச் சபை 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது, முறைப்பாட்டை விசாரிக்கவும் அதிகாரம் உண்டு. பொலிஸில் சிறுவர், மகளிர் பிரிவு. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர். காயம் இருந்தால் பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை, அங்கிருந்து சட்ட வைத்திய அதிகாரிக்கு அவர்களே அனுப்புவார்கள். சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, அதுவும் புதுக்கடையில்தான். ஜீவனாம்சம் கேட்கவும் அங்கே போகலாம். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின்படி 18 வயதானதோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத மகனோ மகளோ 25 வயது வரை பெற்றோரிடம் பராமரிப்புக் கேட்கலாம். ஏ.எல். முடித்துக் கெம்பஸ் போகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இது உதவும்.

பாடசாலையில் அடி வாங்குவதைச் சட்டப் பிரச்சினையாக நம்மில் பலர் நினைப்பதே இல்லை. 'வாத்தியார் அடிக்காமல் யார் அடிப்பது' என்பார்கள். 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் ஒரு மாணவனின் வழக்கில், அந்த அடி அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறியது என்று தீர்த்து நட்டஈடு வழங்கச் சொன்னது. சித்திரவதைக்கும் இழிவான நடத்துகைக்கும் எதிரான உறுப்புரை அது. ஆசிரியர் கன்னத்தில் அறைந்ததில் பையனின் காது கேட்காமல் போயிருந்தது. இப்படி அடிப்படை உரிமை மனுவாகப் போக நினைப்பவர்கள் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். 126ஆம் உறுப்புரை தரும் அவகாசம் ஒரு மாதம்தான். 'பிரின்ஸ்பல் பேசித் தீர்த்து வைக்கிறார்' என்று காத்திருந்தே அந்த மாதத்தைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர்.

பரிதாபப்பட்டு ஃபேஸ்புக்கில் பிள்ளையின் படத்தைப் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாலியல் குற்றத்துக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைச் சட்டக் கோவையின்படி குற்றம். பெயரை மறைத்துப் பாடசாலையையும் ஒழுங்கையையும் எழுதினால் கொட்டாஞ்சேனையில் ஆளைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும்.

முதல் நாள் நீதிமன்றத்துக்குப் போகிறவர்கள் கொண்டுபோக வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பிறப்புச் சான்றிதழின் பிரதி இரண்டு. பாடசாலை அதிபரின் கடிதம், வருகை ஒழுங்காக இருந்தால் அதையும் எழுதி வாங்குங்கள். கிளினிக் அட்டை. பொலிஸ் முறைப்பாட்டின் இலக்கம். பிள்ளையை வைத்துப் பார்க்கத் தயாராக இருக்கும் உறவினர், அவருடைய அடையாள அட்டையோடு. முதலியார் தேவை என்பதை வழக்கைக் கூப்பிடும் முன்பே சட்டத்தரணியிடம் சொல்லி வையுங்கள், கூப்பிட்ட பிறகு சொன்னால் அடுத்த தவணைக்குத் தள்ளிப் போய்விடும். அப்புறம் ஒரு தண்ணீர்ப் போத்தலும் சாப்பாட்டுப் பார்சலும். காலை ஒன்பதுக்கு என்று சொன்ன வழக்கு மத்தியானம் தாண்டியும் வராமல் இருக்கும். பசியோடு இருக்கிற பிள்ளை நீதவான் கேட்கிற எல்லாவற்றுக்கும் சீக்கிரம் வீட்டுக்குப் போகிற பதிலைத்தான் சொல்லும்.